ஓவர்டைம்: முதல்ல நாள் கணக்கு, அப்புறம்தான் வாரம்

கலிஃபோர்னியாவுல டிபன் கடை போட்டாச்சு, நாலு பேரை வேலைக்கும் வெச்சாச்சு. சம்பள நாள் வந்தா மட்டும் கால்குலேட்டரும் கையுமா முழிக்கிறீங்க. இப்படி உட்காருங்க.

1. வாரம் 40 மணி நேரம் தாண்டினாத்தான் ஓவர்டைம்னு டெக்சாஸ் மச்சான் சொன்னாரா? அவர் ஊருக்கு அது சரி. இங்க ஒரே நாள்ல 8 மணி நேரம் தாண்டினாலே ஒன்றரை மடங்கு, 12 தாண்டினா ரெட்டிப்பு. மணிக்கு 20 டாலர் வாங்குறவர் ஒரு நாள் 13 மணி நேரம் நின்னா, முதல் 8-க்கு 160, அடுத்த 4-க்கு 120, கடைசி ஒண்ணுக்கு 40. ஆக 320. நீங்க பாட்டுக்கு 260-ஐ நீட்டாதீங்க.

2. வாரம் 40 கணக்கும் இங்க உண்டு; அதுக்காக ஒரே மணியை நாள் கணக்குல ஒண்ணு, வாரக் கணக்குல ஒண்ணுன்னு ரெண்டு தடவை எண்ண வேண்டாம். அஞ்சு நாள், தினம் 10 மணி நேரம்னா ஓவர்டைம் 10 மணிதான், 20 இல்ல. லீவுக்குச் சம்பளம் கொடுத்த மணியும் அந்த 40-ல சேராது.

3. வாரம் எந்தக் கிழமை தொடங்குதுன்னு எழுதி வைங்க. அந்த வாரத்துல ஒருத்தரையே ஏழு நாளும் நிக்க வெச்சா, ஏழாம் நாள் முதல் மணியிலேருந்தே ஒன்றரை மடங்கு. 8 தாண்டினா ரெட்டிப்பு. போன வாரம் கம்மிதானேன்னு சரிக்கட்ட முடியாது.

4. போனஸ்லதான் நிறைய பேர் வழுக்குறாங்க. 'லீவு போடாம வந்தா வாரம் 40 டாலர்'னு முன்னாடியே சொல்லியிருந்தா, அது ஓவர்டைம் ரேட்டுலயும் ஏறும். அந்த 40-ஐச் சாதாரண மணி நேரத்தால மட்டும் வகுக்கணும், மொத்த மணியால இல்ல. மாநில உச்ச நீதிமன்றம் 2018-ல சொன்ன கணக்கு இது. 40 சாதாரண மணின்னா மணிக்கு 1 டாலர். ஒன்றரை மடங்கு ஓவர்டைம் மணி ஒவ்வொண்ணுக்கும் 1.50 கூட்டுங்க. கஸ்டமர் வெச்சுட்டுப் போற டிப்ஸ் இதுல வராது.

5. 'நான் இருக்கச் சொல்லலையே'ங்கிற பேச்சே கூடாது. பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? காசைக் கொடுத்துட்டு அப்புறம் கண்டிங்க. 'ஓவர்டைம் வேண்டாம்'னு கையெழுத்து வாங்கின பேப்பரும் செல்லாது.

6. தோசை மாஸ்டருக்கு 'மேனேஜர்'னு பட்டம் கட்டித் தப்பிக்கப் பார்க்காதீங்க. பாதி நேரத்துக்கு மேல நிர்வாக வேலையும் இருக்கணும், 2026-ல வருஷத்துக்கு 70,304 டாலருக்குக் குறையாத சம்பளமும் இருக்கணும். நாள் பூரா கல்லு முன்னாடி நிக்கிறவர் எந்த ஊர் மேனேஜர்?

7. பேரோல் சாஃப்ட்வேர்ல மாநிலம் கலிஃபோர்னியான்னு இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. வந்து போன நேரம் எழுதின தாளைத் தூக்கிப் போடாதீங்க. பழைய பாக்கி கேட்டு நாலு வருஷம் வரைக்கும் பின்னாடி போய் வழக்குப் போடலாம்.