எல்லைக்கோடும் பறவைப் புள்ளிகளும்

ஓரிடத்து வாழும் உயிர்கள் யாவை என்று அறிய விரும்பினோர் முற்காலத்தில் பொருட்காட்சிச்சாலைப் பெட்டகங்களையும், வேட்டையாடினோர் குறிப்புகளையும், ஜில்லாக் கெஜட்டியர்களையும் நாடினர். இந்நாளில் நாம் கணினியின்முன் அமர்ந்தவாறே உலகப் படத்தை விரித்து, அதன்மீது கோடிக்கணக்கான புள்ளிகளைக் காண்கின்றோம். ஒவ்வொரு புள்ளியும், இன்ன உயிர் இன்ன நாளில் இன்ன இடத்தில் காணப்பட்டது என்று கூறும் ஒரு சாட்சியாகும். 2001-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றுக் கோபன்ஹேகன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஃப் என்னும் அமைப்பு, இத்தகைய பதிவுகளை 200 கோடிக்கு மேல் திரட்டி வைத்துள்ளது. 2002-ல் தோன்றிய ஈபேர்டு பறவைப் பட்டியல்களையும், 2008-ல் தோன்றிய ஐநேச்சுரலிஸ்ட் செடி, பூச்சி, விலங்கு முதலிய எல்லாவுயிர்களின் பதிவுகளையும் தொகுத்து வருகின்றன.

இப்புள்ளிகளை நாடுவாரியாகவோ மாவட்டவாரியாகவோ தேடுதல் எளிது. அதனினும் நுட்பமானது, ஒரு சரணாலயத்தின் எல்லைக்கோட்டைப் படத்தின்மீது பொருத்தி, அக்கோட்டினுள் அடங்கிய புள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்தலாம். இம்முறையே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. இதனால் விளையும் விடையைக் கொண்டு, ஓரிடம் காக்கத்தக்கதா அன்றா என்று முடிவு செய்வாரும் உளராதலின், அவ்விடை எவ்வாறு பிறக்கின்றது என அறிதல் இன்றியமையாதது.

பொதுவாகக் கூறுவதினும் ஓர் உதாரணத்தால் விளக்குதல் நலம். மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரியை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியபின், நீரில் நிற்கும் கடம்பிலும் கருவேலிலும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலியன கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலை உணர்ந்த ஊரார், அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டார் என்பது வரலாறு. 2022-ல் இவ்வேரி ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ்ச் சர்வதேசச் சிறப்புடைய நீர்நிலையாக அறிவிக்கப்பெற்றது.

இனி, ‘வேடந்தாங்கல் சரணாலயத்தில் காணப்பட்ட பறவைகள் எவை?’ என்று படத்தை வினவுவோமாக. உடனே எழும் மறுவினா, ‘எந்த வேடந்தாங்கல்?’ என்பதே. ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேர். ஆயின் 1998-ல் அறிவிக்கப்பெற்ற சரணாலயமோ ஏரியைச் சூழ்ந்த 5 கிலோமீட்டர் ஆரத்தைக் கொண்டது. நடுவினின்று அளப்பின் அது ஏறக்குறைய 78 சதுர கிலோமீட்டர் ஆகும். அஃதாவது, ஏரியைப்போல் இருநூறு மடங்கிற்கும் மிகுதி! ஏரிக்கரையை எல்லையாகக் கொண்டு தேடுவோன் கூடுகளைக் காண்பான். வட்டத்தை எல்லையாகக் கொண்டு தேடுவோன் கூட்டிலுள்ள குஞ்சுகளுக்கு இரை தரும் வயல்களையும் குளங்களையும் சேர்த்துக் காண்பான். ஆகவே, எவ்வெல்லையைக் கொண்டோம் என்று கூறாத விடை, அலகு கூறாத அளவை ஒக்கும்.

இரண்டாவது ஆராயத்தக்கது, புள்ளி எத்துணை உண்மையான இடத்தில் நிற்கின்றது என்பது. பறவை நோக்குவோர் சில கிலோமீட்டர் நடந்து கண்டவற்றையெல்லாம் ஒரே பட்டியலாக எழுதி, ஒரே இடத்தில் குறிப்பதுண்டு. வயலிற் கண்ட பறவையும் அப்போது ஏரியின் புள்ளியில் ஏறிவிடும். அன்றியும், அருகி வரும் உயிர்களை வேட்டையாடுவோர் தேடிச் செல்லாதபடி, ஐநேச்சுரலிஸ்ட் அவற்றின் உண்மையிடத்தை மறைத்து, அகலாங்கு நெட்டாங்குகளில் 0.2 பாகை அளவுள்ள ஒரு கட்டத்தினுள் ஏதேனும் ஓரிடத்தில் புள்ளியை வைக்கின்றது. வேடந்தாங்கற் பகுதியில் அக்கட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 22 கிலோமீட்டர்; பரப்போ 480 சதுர கிலோமீட்டர் அளவினது. மேற்கூறிய வட்டம் இதில் ஆறிலொரு பங்கே. ஆதலின், வட்டத்தினுள் உண்மையாகவே கண்ட உயிர் வெளியே தோன்றுதலும், வெளியே கண்டது உள்ளே தோன்றுதலும் கூடும். இதனைக் குற்றமென்று இகழ்தல் வேண்டா. உயிர்களைக் காக்கும்பொருட்டுச் செய்ததே. எனினும் எண்ணுவோன் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவதே எல்லாவற்றினும் முக்கியமானது. புள்ளி இல்லாத இடம், உயிர் இல்லாத இடமன்று. வேடந்தாங்கலுக்கு வருவோர் பெரும்பாலும் கரைமேல் நடந்து, காவற்கோபுரத்தில் ஏறி, கூடுகளைக் கண்டு திரும்புகின்றனர். நாலைந்து கிலோமீட்டர் அப்பாலுள்ள நெல்வயலின் வரப்பில் நின்று பட்டியல் எழுதுவோர் எத்தனை பேர்? ஆகவே ஏரியின்மேல் புள்ளிகள் செறிந்தும், சுற்றுப்புறத்தில் அருகியும் நிற்கக் காண்போம். இது பறவைகளின் இயல்பைக் காட்டுவதினும், மனிதர் நடந்த வழியையே மிகுதியாகக் காட்டுகின்றது.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2020-ல் 5 கிலோமீட்டர் ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் ஆலோசனை எழுந்து, பலருடைய எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. ஆரத்தில் குறைவது ஐந்தில் இரண்டு பங்குதான். ஆயின் பரப்பிற் குறைவதோ 50 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு! அப்புற வளையத்தை மட்டும் கோடிட்டுத் தேடிய ஒருவர், ‘ஈண்டுப் புள்ளிகள் சிலவே; ஆகவே இதனை நீக்கினும் கேடில்லை’ என்று வாதிப்பாராயின், மேலே கூறியவற்றை அறியாதார் அதனை மறுக்க இயலாது. இரைதேடும் நிலம் போயின், கூடு கட்டும் மரம் மட்டும் நின்று பயன் யாது?

ஆதலின் இத்தேடலை மேற்கொள்ளும் மாணவர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, எல்லைக்கோட்டைச் சட்ட அறிவிப்போடு ஒப்பிடுக. ஐக்கிய நாடுகளின் சூழல் நிறுவனமும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் சேர்ந்து பேணும் உலகக் காப்பிடத் தொகுதியிலும், சில இடங்களுக்கு வடிவமின்றி ஒரு புள்ளியும் பரப்பளவுமே உள்ளன. அவற்றைச் சுற்றி வட்டம் வரைவது ஊகமேயன்றி எல்லையன்று. இரண்டாவது, கோட்டினுள் ஒருமுறையும், அதற்கப்பால் சில கிலோமீட்டர் விரித்து ஒருமுறையும் தேடி, இரண்டையும் ஒப்பிடுக. மூன்றாவது, ஒவ்வொரு பதிவின் இடப்பிழை எத்தனை மீட்டர் என்றும், இடம் மறைக்கப்பட்டதா என்றும் நோக்குக. நான்காவது, நாளைப் பார்க்க. மழைக்காலப் பதிவும் கோடைப் பதிவும் ஒன்றல்ல. ஐந்தாவது, உயிர்களை எண்ணுமுன், அங்கே சென்று நோக்கினோர் எழுதிய பட்டியல்கள் எத்தனை என்று எண்ணுக.

இவ்வைந்தும் செய்தபின்னும் வெற்றிடம் எஞ்சுமாயின், அதற்கு மருந்து கணினியில் இல்லை, காலில் உள்ளது. விடுமுறை நாளொன்றில் ஏரிக்கரையை விட்டிறங்கி, ஊர்ப்புறத்து வயலிலும் தாங்கலிலும் ஒரு நாழிகை நின்று, கண்டதைக் கண்டவாறே, நின்ற இடத்தைச் செவ்வையாகக் குறித்து எழுதுவது எவர்க்கும் இயல்வதே. கூழைக்கடாவும் நாரையும் கோட்டுக்கு இப்பால் கூடு கட்டி அப்பால் மீன் பிடிக்கும். படைத்தவன் அவற்றிற்கு எல்லைக்கல் நட்டானல்லன். எல்லையிடுவோர் நாமே. ஆதலின் அவ்வெல்லையினுள்ளும் புறத்தும் உள்ளதை உள்ளவாறு எழுதி வைக்கும் கடமையும் நம்முடையதே.