உப்புக் கட்டிக்குள் உயிர்

தென் அமெரிக்காவில், சிலி நாட்டிலுள்ள அட்டகாமா பாலைவனத்தின் வறண்ட மையப்பகுதி யுங்காய். அங்கே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மழைதான். பல ஆண்டுகள் அதுவும் இல்லை. 2006ஆம் ஆண்டில் அங்குள்ள உப்புக் கட்டிகளை உடைத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்தில் சயனோபாக்டீரியா வாழ்வதைக் கண்டனர்.

தண்ணீர் ஏது? மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடி கசியும். அம்மா அதை அடுப்போரம் வைப்பார். அதே செயல்தான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கட்டியின் நுண்துளைகளிலோ அதற்கும் குறைந்த ஈரமே போதும். ஊறுகாயில் நுண்ணுயிர்களைத் தடுக்கும் உப்பு, அங்கே அவற்றுக்கு நீரூட்டுகிறது!

அப்படியானால் மழை பெய்தால் கொண்டாட்டம்தானே என்று எண்ணத் தோன்றும். 2015லும் 2017லும் அபூர்வமாக மழை பெய்து, யுங்காய் மண்ணில் குட்டைகள் தேங்கின. முன்பு அம்மண்ணில் அறியப்பட்டவை 16 வகை நுண்ணுயிர்கள். குட்டைகளில் எஞ்சியவை 2 முதல் 4 வகைகளே என்று 2018இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வறட்சிக்கே பழகிய செல்களுக்குள் சவ்வூடு பரவலால் திடீரென நீர் புகுந்து, அவற்றை அழித்துவிட்டதாம்.

1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள், உயிரைத் தேடிய சில சோதனைகளில் மண்ணை நீர்க்கரைசலால் நனைத்தன. அங்கே உயிர் இருந்திருந்தால், தேடிய கையே அதை மூழ்கடித்திருக்குமோ?