வெளிநாட்டில் ஈட்டிய நோ கிளெய்ம் போனஸை இந்தியாவில் மெய்ப்பிப்பது எப்படி?

பல ஆண்டுகள் வெளிநாட்டில் பணியாற்றித் தாயகம் திரும்பும் வாடிக்கையாளர்கள், வங்கிக் கணக்கின் நிலையை மாற்றுவது, வரி விவரங்களைச் சீர்செய்வது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது முதலியவற்றில் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். கார் வாங்கும்போது மட்டும், விற்பனை நிலையத்தார் நீட்டும் காப்பீட்டுப் படிவத்தில் கையொப்பமிடுவதோடு நின்றுவிடுகின்றனர். அப்படிவத்தில் நோ கிளெய்ம் போனஸுக்குரிய கட்டம் பெரும்பாலும் பூஜ்யம் என்று நிரப்பப்பட்டிருக்கும். துபாயிலோ சிங்கப்பூரிலோ ஆறேழு ஆண்டுகள் ஒரு முறைகூட இழப்பீடு கோராமல் வண்டி ஓட்டியவர், நேற்று உரிமம் பெற்றவருக்குச் சமமாக இங்கே பிரீமியம் செலுத்துகிறார். அவ்வாறு செலுத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்பது பலர் அறியாத செய்தி.

காப்பீட்டுக் காலத்தில் இழப்பீடு எதுவும் கோராத பாலிசிதாரருக்கு அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் அளிக்கப்படும் தள்ளுபடியே நோ கிளெய்ம் போனஸ் ஆகும். இந்தியாவில் ஓராண்டு கோரிக்கை இன்றிக் கழிந்தால் 20 சதவீதம். தொடர்ந்து இரண்டு, மூன்று, நான்கு ஆண்டுகள் கழிந்தால் முறையே 25, 35, 45 சதவீதம். ஐந்து ஆண்டுகளுக்கு 50 சதவீதம். அதற்குமேல் உயராது. இடையில் ஒரு முறை கோரிவிட்டால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இத்தள்ளுபடி சொந்தச் சேதத்திற்கான பிரீமியத்திற்கு மட்டுமே உரியது. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீட்டிற்குப் பொருந்தாது. அப்பகுதியின் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட ஓராண்டுக் கட்டணம் 3,416 ரூபாய். எத்துணைச் சிறந்த ஓட்டுநராயினும் இதில் ஒரு ரூபாயும் குறையாது.

சொந்தச் சேதப் பிரீமியம் 24,000 ரூபாய் எனக் கொள்வோம். 50 சதவீத உரிமை உள்ளவருக்கு 12,000 ரூபாய் மிஞ்சும். அத்தொகைக்குரிய 18 சதவீத ஜி.எஸ்.டி.யாகிய 2,160 ரூபாயும் சேர்த்தால் முதலாண்டிலேயே 14,160 ரூபாய். இழப்பு அந்த ஓராண்டோடு முடிவதில்லை. பூஜ்யத்தில் தொடங்குபவர் 50 சதவீதத்தை அடைய ஐந்து ஆண்டுகள் ஆகும். அந்த ஐந்து ஆண்டுகளிலும் அவர் இழப்பது முறையே 50, 30, 25, 15, 5 சதவீதம். கூட்டினால் ஓராண்டுப் பிரீமியத்தின் ஒன்றேகால் பங்கு. கார் பழையதாக ஆகச் சொந்தச் சேதப் பிரீமியமும் இறங்குவதால் உண்மைத் தொகை சற்றுக் குறையலாம். ஆயினும் ஒரு கடிதம் இல்லாத காரணத்தால் விட்டுவிடக்கூடிய தொகை அன்று.

விதி கூறுவது என்ன?

2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பு இதற்குத் தெளிவான இடம் தந்துள்ளது. வெளிநாட்டில் போனஸ் ஈட்டியதற்கான சான்றைக் காட்டினால், அங்கு ஈட்டிய உரிமையின்படி இந்தியாவில் எடுக்கும் புதிய பாலிசியிலும் போனஸ் அளிக்கலாம்; ஆனால் வெளிநாட்டுப் பாலிசி முடிவடைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் இந்தியப் பாலிசி எடுக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 2007 ஜனவரியில் சொந்தச் சேதப் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமை வந்த பின்னரும், போனஸ் குறித்த நடைமுறை பெரும்பாலும் இவ்விதிகளை ஒட்டியே நடைபெறுகிறது.

“அளிக்கலாம்” என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது “அளித்தே ஆக வேண்டும்” என்பதன்று. சான்று நம்பத்தக்கதா என்று முடிவு செய்வது காப்பீட்டு நிறுவனமே. கார்க் கடன் தரும் வங்கி உங்களுக்குக் காப்பீட்டையும் விற்கலாம். ஆனால் அங்கே வங்கி ஒரு முகவர் மட்டுமே. கிளை மேலாளர் எத்துணை நல்லெண்ணம் கொண்டவராயினும் போனஸை அனுமதிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

சதவீதத்தைவிட ஆண்டுகளே முக்கியம்

போனஸின் கணக்கு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சிங்கப்பூரில் தனியார் காருக்கு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்தை எட்டுகிறது. மலேசியாவில் 25 இல் தொடங்கி 30, 38.33, 45 என்று ஏறி 55 இல் நிற்கிறது. பிரிட்டனில் சதவீதத்தை விடுத்து ஆண்டுகளைக் கொண்டே பேசுவார்கள். அமெரிக்காவில் இப்பெயரிலான தள்ளுபடி வழக்கில் இல்லை. பாலிசிதாரரின் காப்பீட்டு வரலாற்றைக் கூறும் அனுபவக் கடிதம் ஒன்றைக் கேட்டுப் பெறலாம்.

ஆகவே “55 சதவீத போனஸ் உண்டு” என்று மட்டும் எழுதிய சான்று இங்கே குழப்பத்தையே விளைவிக்கும். இந்தியாவில் உச்சவரம்பு 50 என்பதால் மலேசியாவின் 55 இங்கே 55 ஆகாது. சிங்கப்பூரில் மூன்று ஆண்டுகள் ஓட்டியவரின் சான்றில் 30 என்று இருக்கும். அதே மூன்று ஆண்டுகளுக்கு இங்குள்ள படி 35. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எத்தனை ஆண்டுகள் கோரிக்கையின்றித் தொடர்ந்து காப்பீடு இருந்தது என்று சான்று கூறுமாயின் பரிசீலிப்பவருக்கு ஐயம் எழாது.

சான்று காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் பொறித்த தாளில், அதிகாரியின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். இடைத்தரகர் தரும் கடிதத்திற்கு மதிப்புக் குறைவு. பாலிசிதாரரின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருப்பது அவசியம். தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நம் வழக்கத்தால் வெளிநாட்டு ஆவணங்களில் நம் பெயர் பலவாறாகத் திரிந்திருக்கும். இதை அங்கிருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது. பாலிசி எண், வண்டியின் பதிவு எண், அது தனியார் பயன்பாட்டுக் கார் என்ற குறிப்பு, பாலிசி முடிந்த நாள், நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி ஆகியவையும் இடம்பெறட்டும். சான்று அரபு, ஜெர்மன், ஜப்பானியம் போன்ற மொழிகளில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் பாலிசி நகல்களையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்துணை ஆவணங்கள் எதற்கு என்று தோன்றலாம். உள்நாட்டுப் பாலிசியாயின் புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திற்கு எழுதிக் கேட்கும். தகவல் பணியகத்தின் பதிவுகளிலும் சரிபார்க்கும். மஸ்கட்டிலோ மான்செஸ்டரிலோ உள்ள பாலிசி எந்த இந்தியப் பதிவிலும் இல்லை. உங்கள் கையிலுள்ள தாளும், அதை உறுதிசெய்து வரக்கூடிய ஒரு மின்னஞ்சலுமே ஆதாரம்.

காலக் கணக்கு

இந்தியாவில் காரை விற்றுவிட்டு வெளிநாடு சென்றவர்களுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. விற்கும்போது இங்குள்ள நிறுவனத்திடம் போனஸ் பாதுகாப்புக் கடிதம் பெற்றிருந்தால், அது அந்தப் பாலிசி முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பயன்படும். போனஸ் காருக்கு உரியதன்று, பாலிசிதாரருக்கு உரியது. எனவே கார் கைமாறினாலும் உரிமை உங்களிடமே தங்கும்.

எடுத்துக்காட்டாக, 2017 மார்ச்சில் முடிந்த பாலிசிக்கு அத்தகைய கடிதம் பெற்றுச் சிங்கப்பூர் சென்ற ஒருவரைக் கருதுவோம். 2020 மார்ச்சோடு அக்கடிதம் பயனற்றதாகிவிட்டது. அவர் அங்கே ஆறு ஆண்டுகள் கோரிக்கையின்றிக் கார் ஓட்டி, அப்பாலிசி 2024 ஜனவரி இறுதியில் முடிந்தது. அவர் 2027 ஜனவரி முடிவதற்குள் இங்கே கார் வாங்கிக் காப்பீடு எடுத்தால் சிங்கப்பூர்ச் சான்றைக் கொண்டு உரிமை கோரலாம். பழைய கடிதம் காலாவதியானதைக் கண்டு எல்லாம் போயிற்று என்று கைவிடுவோர் இங்கேதான் தவறுகின்றனர். மாறாக, ஊர் திரும்பித் தம்பியின் காரையே நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டுப் பின்னர்ச் சொந்தக் கார் வாங்குபவருக்கு எச்சான்றும் உதவாது.

காரை விற்காமல் வீட்டில் பெற்றோர் பயன்பாட்டிற்கு விட்டுச் செல்வோருக்கு இந்த மூன்றாண்டுச் சலுகையை நம்புவது தகாது. அவர்கள் பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பித்தாக வேண்டும். தவறினால் போனஸ் போய்விடும்.

ஊர் திரும்பும் அவசரத்தில் வெளிநாட்டுப் பாலிசியை இடையில் ரத்து செய்து மீதிப் பிரீமியத்தைத் திரும்பப் பெறுவது பலரது வழக்கம். தொடர்ச்சியான 12 மாதக் காப்பீடு நிறைவுற்றால்தான் நம் விதிப்படி அவ்வாண்டு கணக்கில் சேரும். பதினோராம் மாதத்தில் ரத்து செய்பவர் சொற்பத் தொகைக்காக ஓர் ஆண்டையே இழக்க நேரும். அலுவலகம் அளித்த காரை ஓட்டியவர்களுக்கும் ஒரு சொல்: பாலிசி நிறுவனத்தின் பெயரில் இருந்தால் போனஸும் அந்நிறுவனத்திற்கே உரியது. அங்கே காரும் இங்கே இருசக்கர வாகனமும் என்றாலும் பயனில்லை. ஒரே வகை வண்டியாக இருத்தல் வேண்டும்.

படிவத்தில் கையொப்பமிடும் முன்

கார் பதிவு செய்யப்படும் நாளன்று சான்றை நீட்டினால் விற்பனை நிலையத்தில் எவரும் அதைப் படிக்க நேரம் ஒதுக்கமாட்டார்கள். இரண்டு வாரங்களுக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் ஏற்பு முடிவு செய்யும் பிரிவிற்குச் சான்றின் நகலை மின்னஞ்சலில் அனுப்பி, எத்தனை சதவீதம் அனுமதிக்கப்படும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் மற்றொன்றை அணுகலாம். விற்பனை நிலையம் காட்டும் நிறுவனத்திடமே காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சான்று கைவசம் இல்லாதபோது, “உறுதிமொழி மட்டும் போதும், நான் 50 போட்டுவிடுகிறேன்” என்று கூறும் முகவர்கள் உண்டு. இதற்கு இணங்கவே கூடாது. அந்த உறுதிமொழி பொய் என்று பின்னர்த் தெரியவந்தால் சொந்தச் சேதப் பிரிவின் பயன்கள் அனைத்தும் பறிபோகும். நீங்கள் மிச்சப்படுத்தியது சில ஆயிரம்; விபத்தில் நொறுங்கிய கார் பல லட்சம்.

பாலிசி வந்ததும் அதன் அட்டவணையில் போனஸ் சதவீதம் சரியாகப் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். ஒப்புக்கொண்டபடி இல்லையெனில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்திற்குள் பதில் இல்லாவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, பிரீமியம் பற்றிய தகராறாகக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது, பாலிசி எடுக்கும் முன் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலுமே.