40,000 ரூபாய்க்குள் கம்ப்யூட்டர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாகிவிட்டது. அல்லது வீட்டிலிருந்தே டைப்பிங், டேலி வேலை எடுத்துச் செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். கையில் 30,000, மிஞ்சினால் 40,000 ரூபாய். கடைக்குள் நுழைந்ததும் "என்ன பிராண்ட் பார்க்கிறீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டால், அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் விட்டுப்போகும். லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா, மினி பிசியா, குரோம்புக்கா, டேப்லெட்டா? புதிதா, ரீஃபர்பிஷ்டா? இந்தத் தொகையில் எல்லாமே கிடைக்கும். உங்கள் வேலைக்குப் பொருந்துவது ஒன்றோ இரண்டோதான். மாறி வாங்கிவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள எந்தக் கடையும் தயாராக இருக்காது. இன்று மாலை கிளம்புவதாக இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

செய்ய வேண்டியவை

எந்த சாஃப்ட்வேரில் வேலை என்று ஒரு தாளில் எழுதுங்கள். வகையைத் தீர்மானிப்பது அந்தப் பட்டியல்தான். காமர்ஸ் படிப்புக்கு டேலி. மெக்கானிக்கல், சிவிலுக்கு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ். டிடிபிக்கு பேஜ்மேக்கர், வானவில், பாமினி எழுத்துருக்கள். ஜிஎஸ்டி தாக்கல் செய்பவருக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். இ-சேவை மாதிரியான வேலைக்குக் கைரேகை ஸ்கேனர். இவையெல்லாம் பெரும்பாலும் விண்டோஸை நம்பி இருப்பவை. இதில் ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தாலும் குரோம்புக்கையும் டேப்லெட்டையும் அடித்துவிடுங்கள். பிரவுசர், மெயில், ஆன்லைன் வகுப்பு, கூகுள் டாக்ஸ் இவ்வளவுதான் என்றால் குரோம்புக் நல்ல தேர்வு. குறைந்த ராமிலும் சுறுசுறுப்பாக ஓடும்.

தினமும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேளுங்கள். ஹாஸ்டல் என்றால் யோசிக்கவே வேண்டாம், லேப்டாப்தான். வீட்டை விட்டு நகராது என்றால் டெஸ்க்டாப் அல்லது மினி பிசி. அதே பணத்துக்கு வேகம் கூடுதல், திரை பெரிது, கழுத்து வலிக்காது. எட்டு வருடம் கழித்து ஏதாவது போனாலும் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் ஹிஞ்ச் உடைந்தாலே சில ஆயிரங்கள் போய்விடும். அண்ணன், தங்கை இருவரும் பகிர்ந்துகொள்ளப் போகிற வீட்டுக்கும் டெஸ்க்டாப்தான் என் முதல் சிபாரிசு.

டெஸ்க்டாப் என்றால் முழுச் செலவையும் கூட்டிப் பாருங்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், வெப்கேம், வைஃபை, யுபிஎஸ் என்று அத்தனையும் சேர்ந்ததுதான் விலை. யுபிஎஸ்ஸைத் தள்ளிப்போட வேண்டாம். சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் ஃபைலும் கெடும், விண்டோஸும் கெடும்.

அரசு லேப்டாப் வருமா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் பிள்ளைக்கு வரப்போகிறது என்றால், அவசரப்பட்டு இன்று கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

பிராசஸரின் முழு மாடல் நம்பரை எழுதி வாங்குங்கள். பணம் பறிபோகும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "ஐ5" என்பது பாதிப் பெயர். ஐ5-3470 வந்தது 2012இல். ஐ5-8250யு 2017இல். ஐ5-1235யு 2022இல். மூன்றுக்கும் ஸ்டிக்கரில் இருப்பது ஐ5தான். கோட்டுக்குப் பிறகு தொடங்கும் எண்தான் தலைமுறை: 3 என்றால் மூன்றாவது, 8 என்றால் எட்டாவது, 12 என்றால் பன்னிரண்டாவது. பழைய ஐ7ஐ விடப் புதிய ஐ3 வேகமாக இருப்பது சர்வசாதாரணம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை லேப்டாப் பிராசஸர்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முன்னது பழைய ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். பின்னது ஜென் 3, ஆறு கோர். நம்பரைச் சொல்லத் தயங்கும் கடையில் நிற்காதீர்கள்.

ரீஃபர்பிஷ்ட் என்றால் இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்து மேலே பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்வது இன்டெல் 8ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையின் பல மாடல்கள் (எல்லாம் அல்ல), அதற்கு மேல். 6, 7ஆம் தலைமுறை மெஷின்களை ஆபீஸ்கள் தள்ளிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் அவை மலிவு. "விண்டோஸ் 11 போட்டே தர்றோம் சார்" என்பார்கள். குறுக்கு வழியில் போட முடியும்தான். அடுத்தடுத்த அப்டேட் வரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள்.

ஆபீஸ் உபயோகத்துக்கென்றே செய்த மாடல்களைத் தேடுங்கள். லேப்டாப்பில் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக். டெஸ்க்டாப்பில் ஆப்டிபிளெக்ஸ், திங்க்சென்டர், எலைட்டெஸ்க். கம்பெனிகளின் லீஸ் முடிந்து மொத்தமாகச் சந்தைக்கு வருபவை இவை. பாடி உறுதி, கீபோர்டு அருமை, உதிரி பாகங்களும் கிடைக்கும். இந்த பட்ஜெட்டில், மலிவுப் புது லேப்டாப்பை விட இவற்றில் நன்றாகப் பார்த்து எடுத்த ஒன்றையே நான் சிபாரிசு செய்வேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒல்லியான ஆபீஸ் டெஸ்க்டாப்பில் பவர் சப்ளை சிறியது, கேபினெட்டில் இடமும் குறைவு. பின்னால் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு சேர்க்கலாம் என்று எண்ணி அதை வாங்காதீர்கள்.

கடையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து சோதியுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான கடைத்தெரு நெரிசலில் "சீக்கிரம் பாருங்க" என்று அவசரப்படுத்துவார்கள். நீங்கள் அவசரப்பட வேண்டாம். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயையும் தட்டுங்கள். ஒவ்வொரு யுஎஸ்பி போர்ட்டிலும் உங்கள் பென்டிரைவைச் செருகுங்கள். முழு வெள்ளைத் திரையை வைத்து கோடு, கறை இருக்கிறதா என்று பாருங்கள். மூடித் திறந்து ஹிஞ்ச்சைப் பாருங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டிசைன் கெப்பாசிட்டி 50,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 22,000 என்றும் இருந்தால், பாதிக்கு மேல் உயிர் போன பேட்டரி அது. புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பயாஸுக்குள் போய், பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அதைத் தொடாதீர்கள். கம்பெனியின் பூட்டு இன்னும் அவிழவில்லை என்று அர்த்தம். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும் பயாஸில் இருப்பதும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள்.

ராமைக் கூட்ட முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். பல ஒல்லி லேப்டாப்களில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், ஸ்லாட் இருக்காது. விண்டோஸுக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. "இப்போ 8 போதும், அப்புறம் சல்லிசா கூட்டிக்கலாம்" என்ற பழைய யோசனை இப்போது செல்லாது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. முடிந்தால் 16 ஜிபியாகவே எடுத்துவிடுங்கள்.

சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் வாரண்டி பேச முடியாது, திருட்டுப் பொருளா என்றும் தெரியாது. உங்கள் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணையும் பில்லில் போடச் சொல்லுங்கள். கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக வரவு வைக்க வழி இருக்கிறது.

சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? சிறிய ஊரில் இருப்பவர்களுக்கு இது விலையை விட முக்கியம்.

குரோம்புக் என்றால் அப்டேட் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்தாண்டு அப்டேட் தருவதாக கூகுள் அறிவித்திருக்கிறது. அந்தக் கணக்கு அந்த மாடல் தளம் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

செய்யக்கூடாதவை

"ஐ5, 8 ஜிபி, 500 ஜிபி, 2 ஜிபி கிராஃபிக்ஸ், ஃபுல் செட்" விளம்பரத்தில் விழாதீர்கள். கலர் லைட் எரியும் கேபினெட்டுக்குள் பெரும்பாலும் இருப்பது எச்61 போர்டும், இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை பிராசஸரும். 2011, 2012 காலத்துச் சரக்கு. கூட வரும் ஜிடி 730 கார்டு 2014இல் வந்தது. இன்றைய கேமும் ஓடாது, விண்டோஸ் 11க்கும் தகுதி இல்லை.

4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ் உள்ள லேப்டாப்பைப் புதிது என்பதற்காக வாங்காதீர்கள். செலரான் என்4020 மாதிரியான இரண்டு கோர் பிராசஸருடன் வரும். பாக்ஸ் பளபளக்கும், விலையும் ஆசை காட்டும். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி, 64 ஜிபிதான். அதில் விண்டோஸ் திறக்கும், அதற்கு மேல் வேலை நகராது. அப்டேட் வரும்போது இடம் இல்லை என்று நின்றுவிடும். பல மாடல்களில் ஸ்டோரேஜை மாற்றவும் முடியாது. கடன் வாங்கி இதை எடுத்துவிட்டு, பிள்ளையின் ப்ராஜெக்ட் நேரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்த குடும்பங்கள் உண்டு.

ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ள எதையும் எடுக்காதீர்கள். 1 டிபி என்ற பெரிய எண்ணைக் காட்டுவார்கள். விண்டோஸ் இருக்க வேண்டியது எஸ்எஸ்டியில். 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். மீதிக்கு எக்ஸ்டர்னல் டிஸ்க் வைத்துக்கொள்ளலாம்.

டேப்லெட்டை கம்ப்யூட்டர் என்று நம்பி வாங்காதீர்கள். பாடம் பார்க்க, பிடிஎஃப் படிக்க நல்லது. இருபது பக்க அசைன்மென்ட்டையோ சி புரோகிராமையோ அதில் நாள்தோறும் அடிக்கச் சொல்வது பிள்ளைக்குத் தண்டனை.

இன்டெல் மேக்புக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள். இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025இல் சொல்லிவிட்டது. பழைய மேக் வேண்டும் என்றால் 2020 கடைசியில் வந்த எம்1லிருந்து பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கேமிங் லேப்டாப் வேண்டாம். சூட்டிலேயே வாழ்ந்த மெஷின் அது. ஃபேன், பேட்டரி, ஹிஞ்ச் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு வைக்கும்.

வீட்டு டிவியை மானிட்டராக வைத்துச் சமாளிக்காதீர்கள். 32 அங்குல எச்டி ரெடி டிவியில் எழுத்துகள் மங்கும். ஒரு வாரத்தில் கண் எரியும்.

கிராக் விண்டோஸ், கிராக் ஆபீஸை "ஃப்ரீயா போட்டுத் தர்றோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதைப் போடும்போது பெரும்பாலும் ஆன்டிவைரஸை அணைப்பார்கள். என்ன உள்ளே போனது என்று உங்களுக்குத் தெரியாது. அதே கம்ப்யூட்டரில்தான் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப்போகிறீர்கள். லிப்ரே ஆபீஸ் இலவசம். வேர்டு, எக்ஸெலின் வெப் வடிவமும் இலவசம். "டாஸ்" என்று போட்ட லேப்டாப் விலை குறைவாக இருந்தால், அதில் விண்டோஸ் இல்லை என்று பொருள். அந்தச் செலவையும் கூட்டுங்கள்.

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்ற பேச்சை அப்படியே நம்பாதீர்கள். பிராசஸிங் கட்டணம் வரும். தள்ளுபடியாகக் காட்டும் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் கார்டில் ஏறும். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

நேரில் பார்க்காத பொருளுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். "ஆர்மியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆகுது, பார்சல் அனுப்பிடுறேன்" என்று தொடங்கும் பேச்சு பழைய மோசடி. ராணுவ அடையாள அட்டையின் படத்தைக்கூட அனுப்பி நம்ப வைப்பார்கள். பணம் திருப்பித் தருகிறேன், க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க என்றால் உடனே போனை வையுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தயங்காமல் அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

பழைய கம்ப்யூட்டரை அப்படியே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். புதிது வாங்கும் தேவையே நின்றுபோகலாம். கொடுப்பதாகவே முடிவு செய்தாலும் டிஸ்க்கை முதலில் கழற்றி எடுத்துவிடுங்கள். ஆதார், பான், பேங்க் பாஸ்புக் ஸ்கேன், வீட்டுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.