சாட்சியை லைனில் வைத்துக் கூப்பிடாதீர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் குவாலிட்டி பார்த்தேன். பேக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணிடம் ஷிப்ட் சூப்பர்வைசர் நடந்துகொண்ட விதத்தை நேரில் பார்த்தவன் நான். "நீங்க பார்த்தீங்கல்ல, சொல்லுங்கண்ணா" என்று அவள் கேட்டபோது எனக்கு மனமில்லை. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம். ஆனாலும் புகாரை விசாரிக்கும் கம்பெனிக் கமிட்டி முன் போய்ச் சொன்னேன். அதில் இன்றுவரை பெருமைதான்.

விசாரணை அறையைப் பற்றிப் பயம் வேண்டாம். வக்கீல் வைத்துக்கொள்ள இரு தரப்புக்கும் அனுமதியில்லை. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். எழுதியதை வரிவரியாகப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். அவ்வளவுதான்.

என் வயிற்றில் அடித்தது அதற்கு முன்பே நடந்தது. எச்.ஆர். ஆள் லைனுக்கே வந்து, எல்லார் காதிலும் விழும்படி, "கமிட்டியில சாட்சி சொல்லக் கூப்பிடறாங்க, வா" என்றார். ஷிப்ட் முடிவதற்குள் அந்த சூப்பர்வைசரே வந்து நின்றார். "கான்ட்ராக்ட்ல இருக்கறவனுக்கு எதுக்குப்பா இந்த வம்பு?" என் பக்கத்தில் நின்று அதையே பார்த்தவர்கள், "நாங்க மெஷினைப் பார்த்துட்டிருந்தோம்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பயமாம். எனக்கு மட்டும் குடும்பம் இல்லையா? அவர்கள் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறார்கள். என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. புகார் கொடுத்தவர், குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமல்ல, சாட்சி யார் என்பதையும் வெளியே விடக் கூடாது என்கிறது அதன் 16-ஆவது பிரிவு. விசாரணைப் பொறுப்பில் இருப்பவர் மீறினால், விதிப்படி 5,000 ரூபாய். ஒருவன் பிழைப்புக்கு அதுதானா விலை?

நீங்களும் என்னைப் போலக் கான்ட்ராக்ட் என்றால், பெயர் அடிபடும்போதே கமிட்டித் தலைவிக்கு எழுதிக் கொடுங்கள்: அழைப்பு மூடிய உறையில் வர வேண்டும், விசாரணை லைன் ஆட்கள் பார்வையில் படாத இடத்தில் நடக்க வேண்டும். கமிட்டியில் கம்பெனியைச் சேராத ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். லீவு போட்டுவிட்டு வா என்றால் 19-ஆவது பிரிவைக் காட்டுங்கள். சாட்சி கமிட்டி முன் வருவதற்கு உதவுவது முதலாளியின் கடமை.

திண்டுக்கல்லில் ஆடை ஆலைத் தொழிலாளி ஜெயஸ்ரீ கதிரவேல் 2021-இல் கொல்லப்பட்டார். அதன்பிறகு பெண்கள் தலைமையிலான சங்கம் போராடி, வேலையிடத்தில் பெண்கள் துன்புறுத்தப்படுவதைத் தடுக்க, 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் போட வைத்தது. வாய் திறப்பவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. சிப்காட் சங்கங்களே, அடுத்த கூலி ஒப்பந்தத்தில் சாட்சிகளுக்கும் ஒரு ஷரத்து கேளுங்கள்.