ஆழம் வேறு, மட்டம் வேறு
(சிவில் பிரிவு, இரண்டாம் ஆண்டு)



சர்வே பாடத்தில் லெவலிங் என்று ஒரு பகுதி வரும். பேக் சைட், ஃபோர் சைட், ரைஸ், ஃபால் என்று பரீட்சைக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்து, மறுநாள் மத்தியானமே மறந்துவிடுகிற பகுதி. நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பகுதிக்கும் எங்கள் ஊர் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா கொத்தனார். தாத்தா ஒரு காலத்தில் ஏரிக்கு நீர்க்கட்டி. மதகைத் திறந்து கடைசி வயல் வரை தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை, அறுவடையில் நெல்லாகக் கூலி. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. ஏரி நிரம்பி வழிந்தது உண்மை. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் வரத்துக்கால்வாய் இருந்த இடமே தெரியவில்லை. மணல் மூடி, முள்செடி முளைத்து, ஆடு மேயும் தரையாகிவிட்டது.

ஏரி என்றதும் நாம் கரையையும் தண்ணீரையும்தான் நினைக்கிறோம். கொண்டுவர வரத்துக்கால்வாய், நிறுத்தக் கரை, வயலுக்கு விட மதகு, மிஞ்சியதை வெளியேற்றக் கலங்கல், இத்தனையும் சேர்ந்ததுதான் ஏரி. எங்கள் கலங்கலில் வழிவது அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அங்கே மிஞ்சினால் அதற்கடுத்த ஏரி, கடைசியில் கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இந்தக் கழுவெளிதான். 2021 டிசம்பரில் 5,151.6 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து பறவை வந்து இறங்குகிற இடத்துக்கு நம்ம ஊர் கலங்கல் தண்ணீரும் போகிறது என்பது எனக்கே காலேஜில் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

கால்வாயைத் தூர்வார முன்வந்தவர்கள் திண்டிவனம் டவுன்காரர்கள். ஒரு டூவீலர் மெக்கானிக், ஜெராக்ஸ் கடை அண்ணன், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், லோடு ஆட்டோ ஓட்டுகிற இரண்டு பேர். சங்கம், பதிவு எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணியைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் அவர்களுக்கு இந்த ஆசை வந்ததாம். 2018-இல் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, அந்த ஊர் இளைஞர்கள் ஒன்றுகூடி ஊராரிடமும் வெளியூர்க்காரர்களிடமும் பணம் திரட்டி, 2019-இல் 564 ஏக்கர் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். எடுத்த மண்ணைக் குளத்துக்குள்ளேயே திட்டுகளாகப் போட்டு மரம் நட்டார்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடை ஊர் அது.

நம்மவர்கள் முறைப்படி அனுமதியும் வாங்கினார்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. எங்களுடையது சின்ன ஏரி. வைகாசியில் வசூல் பணத்தில் ஜேசிபி வாடகைக்கு எடுத்து, 640 மீட்டர் நீளத்துக்கு, எல்லா இடத்திலும் சரியாக மூன்று அடி ஆழம் தோண்டினார்கள். நானும் டேப் பிடித்தேன்.

தாத்தா கோலை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். "நடுவுல மோடு இருக்குதுடா. தண்ணி ஏறுமா?" என்றார். "எல்லா இடத்துலயும் மூணு அடி கணக்கா எடுக்கறோம் தாத்தா, ஒண்ணும் ஆவாது" என்றேன். டிப்ளமா படிக்கிறவன் சொன்னதால் மற்றவர்களும் தலையாட்டினார்கள். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆவணியில் ஒரு மழை. ஓடையில் அரை அடித் தண்ணீர் வந்தது. கால்வாய்க்குள் நுழைந்து, கொஞ்ச தூரம் போய் நின்று, மறுபடி ஓடைக்கே திரும்பிவிட்டது. ஏரிக்கு ஒரு சொட்டு வரவில்லை. வசூல் கொடுத்தவர்கள் கேட்காத கேள்வி இல்லை. அடுத்த ஞாயிறு ஆசிரியரும் மெக்கானிக்கும் மட்டும்தான் வந்தார்கள்.

நண்பர்களே, தப்பு எங்கே என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். தரையிலிருந்து ஒரே ஆழம் தோண்டினால், தரையில் உள்ள மேடு பள்ளம் அப்படியே கால்வாயின் அடியிலும் வந்துவிடும். தண்ணீருக்கு ஆழம் தெரியாது, மட்டம்தான் தெரியும்.

லேப் கருவியை வெளியே தரமாட்டார்கள் என்று நானே முடிவுகட்டி, கேட்கவே இல்லை. அப்பாதான் அவருடைய தண்ணி டியூபை எடுத்துக் கொடுத்தார். கட்டட வேலையில் மட்டம் பார்க்கிற அதே பிளாஸ்டிக் டியூப். இரண்டு முனையையும் செ.மீ. கோடு போட்ட இரண்டு கம்புகளில் கட்டினோம். டியூபுக்குள் தண்ணீர் இரு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். பின்கம்பில் 92, முன்கம்பில் 85 என்றால் முன்னால் உள்ள இடம் 7 செ.மீ. உயரம். பேக் சைட் கழித்தல் ஃபோர் சைட், அவ்வளவுதான்! இடம் மாறும்போது இரு முனையையும் கட்டை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும், படிக்கும்போது இரண்டையும் திறந்துவிட வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் கணக்கு பொய். முதல் ஐந்து ரீடிங் அப்படித்தான் வீணானது. அப்பா டியூபைத் தட்டித் தட்டிக் குமிழை வெளியேற்றினார்.

32 முறை வைத்தோம். சரிபார்க்க ஏரியிலிருந்து திரும்ப ஓடை வரைக்கும் 32 முறை. வித்தியாசம் 2 செ.மீ.தான். ஓடை வாயில் 100.00 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏரி முனையில் 99.30. ஆக மொத்தச் சரிவு 70 செ.மீ., சுமார் 900-க்கு 1, தாராளமாகப் போதும். ஆனால் 240-ஆவது மீட்டரில் 100.28! வாயில் 28 செ.மீ. தண்ணீர் நின்றால்தான் அந்த மேட்டைத் தாண்டும். சரிவுப்படி அந்த இடம் 99.74-இல் இருக்க வேண்டும், அதாவது இன்னும் 54 செ.மீ. வெட்ட வேண்டும். தாத்தா கோலால் காட்டிய இடத்துக்கும் இதற்கும் பத்தடிகூட வித்தியாசம் இல்லை. அவர் கருவி எதுவும் பிடித்ததில்லை; ஐம்பது வருஷம் தண்ணீர் போவதைப் பார்த்தவர்.

180 முதல் 320 மீட்டர் வரை, ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கணக்குப் போட்டேன். சுமார் 57 கன மீட்டர், நம்ம ஊர்க் கணக்கில் 20 யூனிட் மண். ஜேசிபிக்குப் பணம் இல்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதுவரை ஆயக்கட்டு விவசாயிகள் யாரும் மண்வெட்டி பிடிக்கவில்லை. டவுன் ஆட்கள் வேலை செய்வதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியர் வேடந்தாங்கல் கதையைச் சொன்னார். மதுராந்தகம் தாண்டி இருக்கிற அந்த ஊரில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊரார் 1798-இல் செங்கற்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய்ப் பாதுகாப்புக் கவுல் வாங்கினார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். சரணாலயம் என்று ஆனது 1936-இல்தான். அவ்வளவு காலம் ஊரே ஏன் காத்தது? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை மேல் பாசமும் இருந்திருக்கும், ஆனால் நெல்லும் விளைந்தது. பேனர் கட்டி, ஃபோட்டோ எடுத்து, நூறு கன்று நட்டுவிட்டு மறுவாரம் தண்ணீர் ஊற்றப் போகாத நம்முடைய மரம் நடு விழாக்கள் என் நினைவுக்கு வந்தன. (அந்த ஃபோட்டோவில் நானும் இருக்கிறேன்.)

ஆகவே அந்த லெவல் கணக்கை எடுத்துக்கொண்டு ஆயக்கட்டுக்காரர்களிடம் போனோம். மேட்டை வெட்டினால் எந்த மழைக்குத் தண்ணீர் வரும் என்று தாத்தாவே டியூபை வைத்துக் காட்டினார். புரட்டாசியில் இரண்டு ஞாயிறு, ஒவ்வொன்றுக்கும் முப்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். பெண்கள்தான் அதிகம், நூறு நாள் வேலையில் கைதேர்ந்தவர்கள், எங்களைவிட நேராக வெட்டினார்கள். ஜெராக்ஸ் கடை அண்ணனும் திரும்பி வந்தார், டீயோடு.

ஐப்பசி முதல் மழையில் தண்ணீர் 240-ஆவது மீட்டரைத் தாண்டியது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தோம். 400 மீட்டர் பக்கம் கால்வாய்க் கரை பலவீனமாக இருந்ததால் கொஞ்சம் உடைத்துக்கொண்டு பக்கத்துக் கொல்லைக்குப் போனது. மணல் மூட்டை போட்டு அடைத்தோம். மிச்சம் ஏரிக்கு வந்தது. மதகின் இரண்டாவது கல் வரை தண்ணீர்.

தை அறுவடை முடிந்ததும் அந்த 400 மீட்டர் கரையைக் கட்ட வேண்டும். டியூப் இருக்கிறது, கம்பு பிடிக்க ஆள் வேண்டும். வருகிறவர்கள் சிவில் இரண்டாமாண்டு வகுப்பில் வந்து கேளுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திண்டிவனத்திலிருந்து லோடு ஆட்டோ புறப்படும்.