கால் மைலும் ஆயிரம் மைலும்

கால் மைல் தூரத்தை ஒன்பது விநாடிகளில் கடக்கும் மோட்டார் வண்டியை உருவாக்குவது அமெரிக்காவில் இன்று அவ்வளவு பெரிய வித்தை அன்று. கையில் பணமும், ஒரு நல்ல லேத்துப் பட்டறைக்காரரின் சிநேகமும், இரண்டொரு குளிர்காலங்களைக் கொட்டகைக்குள்ளேயே கழிக்கும் பொறுமையும் உள்ள எவனும் அதைச் சாதித்துவிடலாம். ஆனால் அந்த ஒன்பது விநாடிகள் கழிந்த பிறகு, அதே மனிதன் அதே வண்டியில் ஏறி, இருநூறு மைலுக்கு அப்பாலுள்ள வேறோர் ஊருக்கு, வெயிலையும் மழையையும் வழிநெடுகச் சிவப்பு விளக்குகளையும் பொறுத்துக்கொண்டு, துணைக்கு வேறு வண்டி எதுவும் பின்தொடராமல் போய்ச் சேரவேண்டும் என்று ஒரு நிபந்தனையை விதித்துவிட்டால், சாதனையாளர்களின் தொகை சட்டென்று சுருங்கிப்போகிறது. மிச்சிகன் மாகாணத்தில் குடியேறி, எஞ்சின் பரிசோதனைத் தொழிலில் பல்லாண்டு இருந்து, விடுமுறை நாட்களில் ஒரு பழைய செவர்லே நோவாவை இவ்விரண்டு காரியங்களுக்கும் பழக்கியவன் என்ற முறையில், அந்தச் சுருக்கத்துக்குக் காரணமாக நான் கண்டவற்றையே இங்கே சொல்லப் போகிறேன்.

இந்த விளையாட்டின் பூர்வ சரித்திரமே தெருவை விட்டு விலகிய சரித்திரந்தான். தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள், இரண்டாவது உலக யுத்தம் முடிந்து திரும்பியதும் ஊர்ச் சாலைகளிலேயே ஒருவரோடொருவர் போட்டியிடத் தொடங்கி, போலீஸாரின் கோபத்துக்கும் பத்திரிகைகளின் கண்டனத்துக்கும் ஆளானார்கள். 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவியதன் பிரதான நோக்கம், அந்த வேகத்தை வேலியிட்ட களத்துக்குள், விதிகளுக்கும் மேற்பார்வைக்கும் உட்படுத்துவதே. அதன் முதல் தேசியப் போட்டி 1955-ல் கான்ஸாஸ் மாகாணத்தின் கிரேட் பெண்ட் நகரில் நடந்தது. நோக்கம் நிறைவேறியது என்றாலும், காலப்போக்கில் களத்து வண்டிகள் தெருவையே மறந்து, லாரி மேல் ஏறி வந்து லாரி மேல் ஏறித் திரும்பும் ஜந்துக்களாக மாறிவிட்டன. அதற்கு ஒரு பதில் போலத்தான் அதே பத்திரிகை 2005-ல் 'டிராக் வீக்' என்னும் யாத்திரையை ஆரம்பித்தது. ஐந்து நாட்களும் பந்தயம், இடையிடையே பொதுச் சாலையில் ஏறக்குறைய ஆயிரம் மைல் பிரயாணம், வேண்டிய கருவிகளை வண்டியிலேயோ வண்டி இழுக்கும் சிறு டிரெய்லரிலேயோ கொண்டுபோக வேண்டும் என்ற கண்டிப்பு ஆகியவையே அதன் சாரம். இத்தனை தளைகளுக்கு நடுவிலும் 2019-ல் டாம் பெய்லி என்பவர் தமது 1969-ஆம் வருஷத்துக் கமாரோவில் கால் மைலை ஆறு விநாடிக்குள் கடந்துவிட்டார் என்றால், தெருவில் ஓடும் வண்டி என்று நாம் இளக்காரமாகச் சொல்வதற்கு இனி நியாயமில்லை.

தெருவில் ஓடக்கூடிய பந்தய வண்டி வேறு, தெருவில் பந்தயம் விடுவது வேறு. பின்னதைப் பற்றி எனக்குத் தர்மோபதேசம் செய்யும் உத்தேசமில்லை. இயந்திர நியாயம் ஒன்றே போதும். பந்தயக் களத்தின் தரையில் பசைத் திராவகம் தெளித்து, அதன்மேல் ரப்பரைத் தேய்த்து ஏற்றியிருப்பார்கள். நடந்து போனால் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டுவிடும். அந்தப் பிடிமானத்தை நம்பிச் சமைக்கப்பட்ட வண்டியைச் சாதாரணத் தார்ச் சாலையில் முழு விசையோடு மிதித்தால், பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று, வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஓட்டுகிறவனைத் தவிர மற்றெல்லாமே தீர்மானிக்கும்.

கால் மைல் நேரம் என்பது வண்டியின் எடையை யந்திர சக்தியால் வகுத்து வரும் ஈவின் கனமூலத்தை ஒட்டியே அமைகிறது என்பது பந்தயக்காரர்கள் வெகுகாலமாகக் கையாளும் கணக்கு. 3,500 பவுண்டு வண்டி பத்தரை விநாடியில் ஓடச் சுமார் 600 குதிரைச் சக்தி போதும். அதை எட்டரை விநாடிக்குக் கொண்டுவர 1,100-க்கு மேல் வேண்டும். இரண்டு விநாடியை மிச்சம் பிடிப்பதற்காகச் சக்தியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும்போது, உஷ்ணமும், எரிபொருள் தாகமும், உடையக்கூடிய பாகங்களின் ஜாபிதாவும் கூடவே பெருகுகின்றன. ஆகையால் எடையைக் குறைப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். தோன்றியவர்கள் முதலில் கழற்றி எறிவது மழை துடைப்பானையும், கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தைப் போக்கும் காற்றாடியையுந்தான். இல்லினாய்ஸ் சமவெளியில் பெருமழை பிடித்துக்கொண்ட இரவில், அந்தப் பத்துப் பவுண்டை மீட்டுத் தருவதற்கு யாரும் வரமாட்டார்கள்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது இப்போது மலிவுச் சரக்கு. செவர்லே பிக்கப் லாரிகளில் 1999 முதல் வந்த 5.3 லிட்டர் இரும்பு எஞ்சின் பழைய வண்டிக் கிடங்குகளில் எளிதாகக் கிடைக்கும். அதற்குக் காற்றை அழுத்தித் திணிக்கும் ஒரு டர்போவைப் பொருத்தினால் அதன் ஜன்மத்தில் காணாத பலத்தைக் காட்டும். ஆனால் பொருத்துவதற்குமுன் பிஸ்டன்களை வெளியே எடுத்து, ரிங்குகளின் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அரத்தால் ராவி அகலப்படுத்த வேண்டும். தொழிற்சாலை விட்ட இடைவெளி சாதுவான லாரிக்குரியது. டர்போவின் அழுத்தத்தில் ரிங் சூடேறி நீளும்போது முனைகள் முட்டிக்கொண்டு, பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடும். 0.025 அங்குலம் என்ற அளவில் விட்டுவைப்பது என் வழக்கம். இதற்கு ஒரு சாயங்காலமும் ஓர் அரமுந்தான் செலவு. வால்வைத் தூக்கும் லிஃப்டர்களிலும் பந்தயத்துக்கென்றே செய்த கெட்டி வகையை நான் விரும்புவதில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும் நேரங்களில் அவற்றின் உருளைகளுக்கு எண்ணெய் போதாமல், நீண்ட பிரயாணத்தில் தேய்ந்துபோகின்றன. எண்ணெய் அழுத்தத்தால் தாமே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் வகையே தெருவுக்கு ஏற்றது.

எரிபொருளாக E85 எனப்படும் எத்தனால் கலவையை மத்திய மேற்கு மாகாணங்களில் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். சோளம் விளையும் பூமியாதலால் அங்கே அது பெட்ரோல் பங்க்குகளிலேயே கிடைக்கிறது. சிலிண்டருக்குள் போகும்போதே குளிர்விக்கிறது. அதிக அழுத்தத்திலும் எஞ்சின் தட்டுவதில்லை. ஆயினும் பெயரில் 85 என்று இருக்கிறதே தவிர, பருவத்தையும் இடத்தையும் பொறுத்து அதிலுள்ள எத்தனால் 51 முதல் 83 சதவிகிதம் வரை மாறும். பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும் குடிக்கும். கலவையை அளந்து சொல்லும் சென்ஸர் ஒன்றைக் குழாயில் வைத்து, பெட்ரோலுக்கும் எத்தனாலுக்கும் தனித்தனியாகக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்திருப்பவனே, அது கிடைக்காத ஊரில் இரவு பத்து மணிக்குக் கவலையின்றிச் சாதாரணப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போக முடியும்.

இனிமேல்தான் உண்மையான சத்துருவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் உஷ்ணம். களத்தில் எஞ்சின் ஒன்பது விநாடி உழைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. சாலையிலோ மணிக்கணக்காகச் சூடேறுகிறது. பெரிய ரேடியேட்டரை வாங்குவதோடு பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். காற்று முழுவதும் அதன் ஊடாகவே வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை ஏற்படுத்தும் தகரக்கூடு இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் சிவப்பு விளக்கின் முன்னால் செயலற்றுப் போகிறது. மின்விசிறிகளும் எரிபொருள் பம்புகளும் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்துக்கு ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்காவிட்டால், மின்னழுத்தம் இறங்க இறங்க எஞ்சினின் புத்தியே தடுமாறத் தொடங்கும். அதைவிடச் சூக்ஷ்மமான தொல்லை எரிபொருள் தொட்டியிலே இருக்கிறது. முழு வேகத்துக்குப் போதுமான பெரிய பம்பு, சாலையில் எஞ்சின் சொற்பமாகக் குடிக்கும்போதும் அதே அளவைத்தான் இறைத்துக்கொண்டிருக்கிறது. மிஞ்சியதெல்லாம் எஞ்சினின் அனலை வாங்கிக்கொண்டு தொட்டிக்குத் திரும்புகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி, இரண்டு மணி நேரத்தில் தொட்டி முழுவதும் வெந்நீர் போலாகி, பம்பு திரவத்துக்குப் பதிலாக ஆவியை உறிஞ்சி முனகும். வண்டி நின்றுவிடும்; அரை மணி ஆறினால் ஒன்றும் நடவாததுபோல் புறப்படும்; காரணம் தெரியாதவன் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டிருப்பான். சாலைக்கு ஒரு சிறிய பம்பு, களத்துக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்துவைப்பதே இதற்குப் பரிகாரம்.

எங்கள் ஊர்த் தமிழ் வாலிபன் ஒருவன் என்னிடம் வந்து, "மாமா, முதல்ல எதை வாங்கட்டும்?" என்று கேட்டபோது, "கியர் எண்ணெய்க்கு ஓர் உஷ்ணமானி வாங்கு தம்பி" என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனால் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைத்து, களத்தில் துள்ளி எழுவதற்காக வைக்கும் டார்க் கன்வர்ட்டர், சாலையில் ஓயாமல் வழுக்கி அந்த எண்ணெயைக் காய்ச்சுகிறது என்பதை அதன் முள் ஏறுவதைப் பார்த்தாலன்றி யாரும் நம்புவதில்லை. 28 அங்குல டயரும் 4.10 பின் கியரும் உள்ள வண்டி 70 மைல் வேகத்தில் போகையில் எஞ்சின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,400 சுற்றுச் சுற்றும். கடைசிக் கியர் 0.75 ஆக இருக்கும் நான்கு கியர் லாரிப் பெட்டியைப் போட்டு, வழுக்கலை நிறுத்திப் பூட்டிக்கொள்ளும் கன்வர்ட்டரையும் சேர்த்துவிட்டால், அதே வேகத்தில் 2,600-க்குள் அடங்கிவிடும். எண்ணெயும் குளிர்கிறது, காதும் பிழைக்கிறது.

தேரைக் கிளப்ப ஊர் முழுவதும் வடம் பிடிக்கலாம். முட்டுக்கட்டை போட்டு அதை நிலைக்குக் கொண்டுவருகிறவன் கைதான் கை என்பது இந்த வண்டிகளுக்கும் பொருந்தும். 70 மைல் வேகம் 140 ஆகும்போது பிரேக்குகள் விழுங்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. 150 மைலை எட்டும் வண்டிக்குப் பாரசூட் வேண்டும் என்பது தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதி. பத்து விநாடிக்குள் ஓடுகிறவர்களோ 135 மைலைத் தாண்டுகிறவர்களோ தனி லைசென்ஸ் பெறவேண்டும் என்பதும் விதியே. இவற்றை அதிகப்பிரசங்கித்தனம் என்று முணுமுணுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விதி கட்டாயப்படுத்தும் ரோல் கேஜ் என்னும் இரும்புக் கூடு, தெருவில் வேறு விதமான அபாயத்தைத் தருகிறது. களத்தில் தலையில் ஹெல்மெட் இருக்கிறது; சாலையிலோ வெறுந்தலைக்கு ஆறு அங்குலத்தில் இரும்புக் குழாய் நிற்கிறது. பின்னாலிருந்து ஒரு பால்காரன் லேசாக மோதினாலும் மண்டை அதில் இடிக்கும். தலை எட்டும் குழாய்களிலெல்லாம் அதற்கென்றே விற்கும் கெட்டியான உறையைச் சுற்றி, தோள் பட்டைகளையும் இறுக்கிக்கொள்ளாமல் கடைத்தெருவுக்குக்கூட நான் வண்டியை எடுப்பதில்லை.

டயர் விஷயத்தில் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதே உசிதம். களத்து டயரில் 15 பவுண்டு அளவுக்குக் காற்றை இறக்கி ஓட்டியபின், மறதியாக அப்படியே நெடுஞ்சாலையில் ஏறினால் டயரின் பக்கச் சுவர் நெளிந்து நெளிந்து காய்ந்து வெடிக்கும். தவிர, வரித்தடமே இல்லாத அந்த டயர் நீர் தேங்கிய சாலையில் மிதக்கத் தொடங்கிவிடும்.

அந்த இரண்டாவது ஜோடியையும், ஜாக்கியையும், கருவிப் பெட்டியையும் இழுத்துச் செல்வதற்குத்தான் சிறு டிரெய்லர். வண்டியின் பின்புறத்தில் பாரசூட்டைத் தாங்கும் சட்டமும் டிரெய்லர் கொக்கியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுமாதலால், வண்டியைக் கட்டும்போதே இரண்டையும் ஒரே சட்டத்தில் இணைத்து வரைந்துகொள்ள வேண்டும். டிரெய்லரின் சக்கரங்கள் சிறியவை; வண்டிச் சக்கரத்தைவிட வெகு வேகமாகச் சுழல்பவை; அவற்றின் பேரிங்குகளில் கிரீஸ் வற்றிவிட்டால் ஒரு பிற்பகலிலேயே எரிந்துபோகும். ஆயிரம் குதிரைச் சக்தி எஞ்சின் சுகமாக உறுமிக்கொண்டிருக்க, இந்தச் சில டாலர் சாமானுக்காகச் சாலையோரத்தில் மல்லாந்து கிடந்தவர்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் போட நிற்கும் இடத்திலெல்லாம் அந்தச் சக்கரக் குடத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால், அங்கேயே ஜாக்கியை வைத்துத் தூக்கிக் கிரீஸை நிரப்பிவிட்டுப் புறப்படுங்கள்.